கம்ப்யூட்டர் ஏஜெண்டுக்குச் சீட்டு எழுதுவது எப்படி?



ராயபுரத்தில் நான் மளிகைக் கடை தொடங்கிய புதிதில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லி இக்கட்டுரையைத் தொடங்குகிறேன். கடையிலிருந்து குடோனுக்குச் சரக்கு எடுக்கச் சீட்டு எழுதி அனுப்புவது வழக்கம். அன்று ஊரிலிருந்து வந்து இரண்டே நாளான பையன் ஒருவனிடம் "து.ப. 5" என்று எழுதிய சீட்டைக் கொடுத்தனுப்பினேன். பக்கத்துத் தெரு மெஸ்ஸுக்கு 5 கிலோ துவரம் பருப்பு வேண்டியிருந்தது. ஒரு மணி நேரம் கழித்து மீன்பாடி வண்டி ஒன்று கடை வாசலில் வந்து நின்றது. அதில் 5 மூட்டை துவரம் பருப்பு!

"ஏலே, அஞ்சு கிலோதான கேட்டேன்?" என்றேன்.

"நீங்க அஞ்சுன்னுதான எழுதியிருக்கீக, அண்ணாச்சி" என்றான் பையன்.

அவன் மேல் தவறில்லை. எங்களிடம் பத்து வருடம் இருந்த பழைய ஆளாக இருந்தால், அந்த மெஸ்ஸுக்கு எவ்வளவு போகும் என்பது அவனுக்கே தெரிந்திருக்கும். சீட்டில் பாதிதான் இருந்தது; மீதி என் தலைக்குள் இருந்தது. வண்டிக் கூலி இரு வழிக்கும் என் தலையில் விழுந்தது.

இப்போது நம் கடை வாசலுக்கு இன்னொரு புதுப் பையன் வந்துகொண்டிருக்கிறான். அவனுக்கு நம் தெரு தெரியாது, மெஸ்ஸும் தெரியாது. எழுதியதை மட்டுமே படிப்பான். ஆனால் நொடிக்கு நூறு சீட்டு எடுத்துச் செல்லும் வேகம் அவனுக்கு உண்டு. அவன் பெயர் கம்ப்யூட்டர் ஏஜெண்ட்.

ஏஜெண்ட் என்றால் யார்?

நமக்குத் தெரிந்த ஏஜெண்ட், கமிஷன் ஏஜெண்ட். நம் சார்பில் விலை விசாரித்து, சரக்குப் பார்த்து, பேசி முடித்துத் தருபவர். செயற்கை நுண்ணறிவு ஏஜெண்டும் ஏறக்குறைய அதே வேலையைத்தான் செய்கிறது. "வாரத்துக்கு வேண்டிய மளிகையை 2,000 ரூபாய்க்குள் வாங்கிக் கொடு" என்று வாடிக்கையாளர் தம் செல்போனில் சொன்னால், அது கடைகளின் கம்ப்யூட்டர்களைத் தொடர்புகொண்டு இருப்பும் விலையும் விசாரித்து ஆர்டர் போடப் பார்க்கும்.

இது எங்கோ அமெரிக்காவில் நடக்கும் சங்கதி என்று எண்ணிவிட வேண்டாம். 2025 அக்டோபரில் யு.பி.ஐ.யை நடத்தும் என்.பி.சி.ஐ. நிறுவனமும், ரேசர்பே நிறுவனமும், சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமும் சேர்ந்து, உரையாடலிலேயே பொருள் தேர்ந்தெடுத்து யு.பி.ஐ. மூலம் பணம் செலுத்தும் சோதனை முயற்சியை இந்தியாவில் அறிவித்தன. அதில் முதலில் சேர்ந்தவர்களில் பிக்பாஸ்கெட்டும் ஒன்று. அதாவது முதல் சோதனையிலேயே மளிகைச் சரக்கு இருக்கிறது. 2016-ல் யு.பி.ஐ. வந்தபோது நம்மில் பலர் "இதெல்லாம் நம் கடைக்கு வராது" என்று சொன்னோம். இன்று திருவொற்றியூர்த் தேரடியில் இளநீர் விற்பவரும் அட்டை வைத்திருக்கிறார்.

ஏ.பி.ஐ. என்னும் ஜன்னல்

ஒரு கம்ப்யூட்டர் இன்னொரு கம்ப்யூட்டரிடம் கேட்டு வாங்குவதற்கான ஜன்னலுக்கு ஏ.பி.ஐ. என்று பெயர். நம்மில் பலர் தெரியாமலே அதைப் பயன்படுத்தி வருகிறோம். பில்லிங் சாஃப்ட்வேரிலிருந்து நேராக இ-வே பில் எடுப்பவர்கள், இ-இன்வாய்ஸ் போடுபவர்கள் எல்லோரும் அரசின் ஏ.பி.ஐ. ஜன்னலில்தான் நிற்கிறார்கள்.

ஏஜெண்ட் நம் ஜன்னலுக்கு வரும்போது அதன் கையில் ஒரு பட்டியல் இருக்கும். "இந்தக் கடையில் இன்னின்ன வேலைகள் செய்துகொள்ளலாம்: விலை பார்க்கலாம், இருப்புப் பார்க்கலாம், ஆர்டர் போடலாம், ரத்து செய்யலாம்" என்பது அந்தப் பட்டியல். இதில் ஒவ்வொரு வேலைக்கும் 'டூல்', அதாவது கருவி என்று பெயர். ஒவ்வொரு கருவிக்கும் மூன்று விவரங்கள் எழுதப்பட்டிருக்கும். ஒன்று, கருவியின் பெயர். இரண்டு, அது என்ன செய்யும் என்ற விளக்கம். மூன்று, அதற்குக் கொடுக்க வேண்டிய விவரங்களின் பட்டியல். 2023 ஜூனில் ஓப்பன்ஏஐ தன் ஏ.பி.ஐ.யில் இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் 'மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்' என்ற பொது முறையை வெளியிட்டது. இரண்டிலும் அடிப்படை இந்த மூன்றுதான்.

வணிகர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டியது இதுவே. ஏஜெண்டுக்கு நம் சாஃப்ட்வேரின் உள்பக்கம் தெரியாது. நம் குடோனும் தெரியாது. எந்தக் கருவியை எடுப்பது, அதில் என்ன நிரப்புவது என்று முடிவு செய்ய, அந்த நாலு வரி விளக்கம்தான் அதற்கு ஆதாரம். அந்த நாலு வரியை இன்று எழுதுபவர் யார்? பெரும்பாலும் சாஃப்ட்வேர் போட்டுக் கொடுக்கும் இளைஞர். அவர் கெட்டிக்காரர்தான். ஆனால் நம் கடையில் மூட்டை என்றால் எத்தனை கிலோ என்று அவருக்கு எப்படித் தெரியும்?

மூட்டை, டின், சர்க்கரை

மூட்டை என்ற ஒரு சொல்லையே எடுத்துக்கொள்வோம். 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை பொட்டலமிட்டு லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. உடனே ஆலைகள் 26 கிலோ மூட்டை கட்டத் தொடங்கியதை நாம் எல்லோரும் அறிவோம். ஒரு கிலோ வித்தியாசத்தில் வரியே மாறுகிறது. "அரிசி, மூட்டை, 10" என்று ஏஜெண்ட் ஆர்டர் போட்டால் அது 250 கிலோவா, 260 கிலோவா? பில்லில் வரி உண்டா, இல்லையா?

எண்ணெய் டின்னும் அப்படியே. 15 லிட்டர் டின்னும் உண்டு, 15 கிலோ டின்னும் உண்டு. ஒரு லிட்டர் சமையல் எண்ணெய் ஏறக்குறைய 910 கிராம்தான் நிற்கும். ஆகவே 15 லிட்டர் டின்னில் இருப்பது சுமார் 13 கிலோ 650 கிராம். டின்னுக்கு 1 கிலோ 350 கிராம் வித்தியாசம். விலையை மட்டும் ஒப்பிடும் ஏஜெண்ட், லிட்டர் டின்னை "மலிவு" என்று எடுத்துவிடும். வாங்கியவர் நம்மிடம் சண்டைக்கு வருவார்.

பெயரிலும் சிக்கல் உண்டு. நெல்லை, தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்த நாம் 'சீனி' என்கிறோம். சென்னைக்காரர் அதையே 'சர்க்கரை' என்கிறார். நம் ஊர்ப் பக்கத்தில் சர்க்கரை என்றால் வெல்லச் சர்க்கரை. கடையில் ஆள் நின்று கேட்டால் முகத்தைப் பார்த்தே எடுத்துக் கொடுப்போம். ஏஜெண்டுக்கு முகம் இல்லை.

மணங்கு எத்தனை பவுண்டு?

இது புதிய தலைவலி அல்ல. நம் துறைமுகம் இதைப் பல தலைமுறைகளுக்கு முன்பே பார்த்துவிட்டது. 40 பலம் ஒரு வீசை, 8 வீசை ஒரு மணங்கு என்பது அக்காலச் சென்னைக் கணக்கு. சென்னை மணங்கு ஏறக்குறைய 25 பவுண்டு. ஆனால் வங்காளத்து மணங்கு 82 பவுண்டுக்கும் சற்று அதிகம். ஒரே சொல், கல்கத்தாவில் கப்பல் ஏறும்போது ஓர் எடை, சென்னையில் இறங்கும்போது வேறு எடை. எந்த ஊர் மணங்கு என்று எழுதாத கடிதத்துக்கு மதிப்பில்லை. 1956-ல் எடை அளவுச் சட்டம் இயற்றப்பட்டு, 1958 அக்டோபர் முதல் மெட்ரிக் எடைகள் படிப்படியாக நடைமுறைக்கு வந்த பிறகுதான் நாடு முழுவதும் ஒரே கிலோ என்றானது.

அலகு எழுதாததால் ஆகாய விமானமே எண்ணெய் தீர்ந்து இறங்கியிருக்கிறது. 1983 ஜூலை 23 அன்று கனடாவில், மாண்ட்ரியலிலிருந்து எட்மண்டனுக்குக் கிளம்பிய ஏர் கனடா விமானத்துக்கு 22,300 கிலோ எரிபொருள் தேவைப்பட்டது. ஒரு லிட்டருக்கு 1.77 என்ற பெருக்கல் எண்ணை வைத்துக் கணக்கிட்டார்கள். அந்த 1.77 பவுண்டுக் கணக்கு; அவர்கள் கிலோ என்று எடுத்துக்கொண்டார்கள். தேவையில் பாதிகூட நிரம்பவில்லை. நடு வானில் இஞ்சின்கள் நின்றன. விமானியின் திறமையால் கிம்லி என்ற ஊரின் பழைய ஓடுதளத்தில் மிதந்து வந்து இறங்கினார்கள், உயிர்ச்சேதம் இல்லை. கணக்குப் போட்டவர்கள் அனைவரும் தொழில் தெரிந்தவர்களே. எண்ணுக்குப் பக்கத்தில் அலகு இல்லாததே குறை.

கப்பல் மளிகைக்காரர்கள் கண்ட வழி

நம் பகுதியிலேயே இதற்கு ஒரு நல்ல பாடம் இருக்கிறது. துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கு மளிகையும் சாமான்களும் சப்ளை செய்யும் ஷிப் சாண்ட்லர் தொழிலை அறிந்தவர்கள் இதை நன்கு உணர்வார்கள். ஆர்டர் அனுப்பும் கப்பல்காரர் எந்த நாட்டவராகவும் இருக்கலாம். சென்னைக் கடையை அவர் கண்ணால் பார்த்திருக்க மாட்டார். கப்பல் ஓரிரு நாளில் கிளம்பிவிடும். தவறான சாமான் ஏறிவிட்டால் நடுக்கடலில் மாற்றித் தர முடியாது.

அதனால் அத்தொழிலில் இம்பா என்று சுருக்கமாக அழைக்கப்படும் சர்வதேச கப்பல் கொள்முதல் சங்கத்தின் கையேடு வழக்கத்தில் உள்ளது. ஒவ்வொரு சாமானுக்கும் 6 இலக்கக் குறியீடு, என்ன சாமான் என்ற விவரம், எந்த அலகில் விற்பது என்ற குறிப்பு ஆகியவை அதில் இருக்கும். குறியீட்டைச் சொன்னால் சிங்கப்பூரிலும் சென்னையிலும் ஒரே சாமான்தான் வரும். அறிமுகமில்லாத, திரும்பக் கேட்க முடியாத ஆளுக்காக எழுதப்பட்ட விளக்கம் அது. ஏஜெண்டுக்கு நாம் எழுத வேண்டியதும் அதே வகைதான்.

ஓ.என்.டி.சி. காட்டும் நாலு படி

நம் நாட்டு முயற்சி ஒன்றும் இங்கே கவனத்துக்குரியது. மத்திய அரசின் தொழில் வளர்ச்சித் துறை முன்முயற்சியில் 2021 டிசம்பர் 31-ல் பதிவான ஓ.என்.டி.சி. நிறுவனம், சிறு கடைகளும் இணையலாம் என்ற திறந்த வலையமைப்பை நடத்துகிறது. அதில் வாங்குபவரின் ஆப்பும் விற்பவரின் ஆப்பும் பேசிக்கொள்ளும் முறை நான்கு படிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது: தேடு, தேர்ந்தெடு, தொடங்கு, உறுதி செய். முதல் மூன்று படிகளில் யாருக்கும் கடமை இல்லை. நான்காவதில்தான் வியாபாரம் முடிகிறது.

சரக்கு விவரத்திலும் 'ரத்து செய்யலாமா, திருப்பித் தரலாமா, எத்தனை நாளுக்குள்' என்பதற்கெல்லாம் தனித்தனிக் கட்டம் உண்டு. பொட்டலப் பொருள் விதிகள் 2011-ன்படி நாம் லேபிளில் அச்சிடும் தயாரிப்பாளர் பெயர், நிகர எடை போன்றவற்றுக்கும் இடம் உண்டு. இது ஏஜெண்டுகளுக்காக உருவானதல்ல. ஆனாலும் விசாரிப்பது வேறு, வாங்குவது வேறு என்று பிரித்து வைத்த அந்த ஒழுங்கு, நாம் கடைப்பிடிக்கத் தக்கது.

விளக்கம் எழுத எட்டு விதிகள்

சாஃப்ட்வேர்க்காரரை அழைத்து உட்கார வைத்துக்கொண்டு, கீழ்க்கண்டவற்றை ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டுகிறேன்.

1. பெயரே வேலையைச் சொல்ல வேண்டும். 'ஆர்டர்' என்று மட்டும் இருந்தால், ஆர்டர் போடுவதா, பார்ப்பதா, ரத்து செய்வதா? 'ஆர்டர் பதிவு', 'ஆர்டர் நிலை பார்', 'ஆர்டர் ரத்து' என்று தனித்தனியாக இருக்கட்டும்.

2. எப்போது பயன்படுத்த வேண்டும் என்பதோடு, எப்போது பயன்படுத்தக் கூடாது என்றும் எழுத வேண்டும். விலை மட்டும் கேட்பவருக்கு ஆர்டர் பதிவாகிவிடும் தவறு இதனால் தவிர்க்கப்படும்.

3. ஒவ்வொரு எண்ணுக்கும் அலகு வேண்டும். மூட்டையா, கிலோவா, லிட்டரா? பணத்திலும் இது உண்டு. ரேசர்பே போன்ற பணப் பட்டுவாடா ஏ.பி.ஐ.யில் தொகையைப் பைசாவில் எழுத வேண்டும். 500 ரூபாய்க்கு 50000 என்று எழுதுவது அங்கே சரி. அதை அறியாத ஏஜெண்ட் 500 என்று எழுதினால் வசூலாவது 5 ரூபாய்.

4. இஷ்டம்போல் எழுத விடாமல், தேர்ந்தெடுக்கப் பட்டியல் கொடுக்க வேண்டும். ஜி.எஸ்.டி. கணக்கில் மூட்டைக்கு பி.ஏ.ஜி., கிலோவுக்கு கே.ஜி.எஸ்., குவிண்டாலுக்கு க்யூ.டி.எல். என்று நிர்ணயித்த பட்டியலிலிருந்துதானே எடுக்கிறோம்? அதே முறைதான்.

5. தேதியை எந்த வரிசையில் எழுதுவது என்று உதாரணத்தோடு சொல்ல வேண்டும். 03/04 என்றால் நமக்கு ஏப்ரல் 3. அமெரிக்கருக்கு மார்ச் 4. ஆண்டு, மாதம், நாள் என்று 2026-04-03 போல எழுதச் சொன்னால் குழப்பமில்லை.

6. திரும்பப் பெற முடியாததை முன்கூட்டியே சொல்ல வேண்டும். இ-வே பில்லை உருவாக்கிய 24 மணி நேரத்துக்குள்தான் ரத்து செய்யலாம் என்பது நமக்குத் தெரியும். ஏஜெண்டுக்கு யார் சொல்வது? 'இதைச் செய்தால் சரக்கு ஏறிவிடும், பிறகு ரத்து இல்லை' என்ற வரி விளக்கத்திலேயே இருக்க வேண்டும்.

7. பதில் வராவிட்டால் என்ன செய்வது என்று எழுத வேண்டும். யு.பி.ஐ.யில் 'நிலுவை' என்று காட்டியதும் அவசரப்பட்டு மறுபடி செலுத்தி, இரண்டு தடவை போன அனுபவம் பலருக்கும் உண்டு. ஏஜெண்டும் அப்படியே ஒரே ஆர்டரை இரண்டு தடவை போடக்கூடும். ஒவ்வோர் ஆர்டருக்கும் வாங்குபவர் பக்கம் ஓர் அடையாள எண் கொடுக்கச் சொல்ல வேண்டும். அதே எண் மறுபடி வந்தால் புது ஆர்டராகப் பதியாமல், பழைய ஆர்டரின் விவரத்தையே திருப்பிக் கொடுக்கும்படி சாஃப்ட்வேர் அமைய வேண்டும்.

8. பிழைச் செய்தி வழி காட்ட வேண்டும். 'பிழை 400' என்றால் ஏஜெண்டுக்கு ஒன்றும் புரியாது; எதையாவது மாற்றி மாற்றி அனுப்பிப் பார்க்கும். 'இருப்பு 12 மூட்டை மட்டுமே. 12 அல்லது அதற்குக் குறைவாகக் கேட்கவும்' என்றால் அடுத்த தடவை சரியாக வரும்.

ஒரு மாதிரி

திருவொற்றியூர் மொத்தக் கடை ஒன்றுக்குச் சாஃப்ட்வேர் போட்டுக் கொடுத்தவர் இப்படி எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம்:

"பெயர்: ஆர்டர். விளக்கம்: ஆர்டர் செய்ய உதவும். கொடுக்க வேண்டியவை: பொருள், அளவு, தேதி."

என் கையால் எழுதிய "து.ப. 5" சீட்டுக்கும் இதற்கும் அதிக வித்தியாசம் இல்லை. இதையே கடைக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து திருத்தினால் இப்படி அமையும்:

"பெயர்: மொத்த ஆர்டர் பதிவு.

விளக்கம்: எங்களிடம் பதிவு பெற்ற சில்லறைக் கடை, குடோனிலிருந்து மூட்டைக் கணக்கில் சரக்கு வாங்க ஆர்டர் பதிவு செய்யும். விலையோ இருப்போ தெரிந்துகொள்ள மட்டும் என்றால் இதைப் பயன்படுத்தக் கூடாது. 'இருப்பும் விலையும் பார்' என்ற கருவியைப் பயன்படுத்தவும். வாங்குபவரிடம் மொத்தத் தொகையைச் சொல்லிச் சம்மதம் பெற்ற பிறகே இதைச் செய்யவும்.

பொருள் குறியீடு: 6 இலக்கம். 'இருப்பும் விலையும் பார்' கருவி தந்த குறியீட்டையே எழுதவும்; ஊகிக்க வேண்டாம். 25 கிலோ அரிசி மூட்டைக்கும் 26 கிலோ அரிசி மூட்டைக்கும் குறியீடு வேறு, வரியும் வேறு.

மூட்டை எண்ணிக்கை: 1 முதல் 40 வரை முழு எண். இது மூட்டைக் கணக்கு, கிலோ அல்ல. வாங்குபவர் கிலோவில் சொல்லி, அது முழு மூட்டையாக வராவிட்டால், அவரிடமே கேட்கவும்.

டெலிவரி தேதி: ஆண்டு-மாதம்-நாள். உதாரணம்: 2026-04-03. ஞாயிறு டெலிவரி இல்லை.

ஆர்டர் அடையாள எண்: வாங்குபவர் பக்கம் தரும் எண். பதில் வராவிட்டால் புது எண் போடாமல் இதே எண்ணில் மறுபடி அனுப்பவும்.

விளைவு: சரக்கு ஒதுக்கப்படும். டெலிவரிக்கு முந்தைய நாள் மாலை 6 மணி வரை ரத்து செய்யலாம். அதன் பிறகு ரத்து இல்லை.

திரும்ப வருவது: ஆர்டர் எண், மூட்டை எண்ணிக்கை, மொத்தக் கிலோ, ஜி.எஸ்.டி. உட்பட மொத்தத் தொகை ரூபாயில்."

இதில் கம்ப்யூட்டர் படிப்பு எங்கே இருக்கிறது? எல்லாம் கடையில் உட்கார்ந்தவருக்குத் தெரிந்த சங்கதி. 40 மூட்டைக்கு மேல் ஒரு நடையில் ஏற்ற முடியாது என்பதும், மாலை 6 மணிக்குப் பிறகு லோடுமேன் கணக்கு மாற்ற முடியாது என்பதும் முதலாளிக்குத்தான் தெரியும். எந்தக் கல்லூரியிலும் அதைச் சொல்லித் தருவதில்லை.

விளக்கம் பூட்டு ஆகாது

ஓர் எச்சரிக்கையும் அவசியம். '40 மூட்டைக்கு மேல் கூடாது' என்று எழுதிவிட்டதால் மட்டும் 41 வராது என்று நம்பிவிடக் கூடாது. விளக்கம் ஏஜெண்டுக்கு வழிகாட்டி. அது பெரும்பாலும் கேட்கும், சில சமயம் தவறும். கெட்ட எண்ணம் உள்ளவர் வேண்டுமென்றே மீறி அனுப்பவும் கூடும். எனவே எண்ணிக்கை வரம்பு, கடன் வரம்பு, விலை ஆகிய மூன்றையும் நம் பக்கத்துச் சாஃப்ட்வேரே தனியாகச் சோதித்து, மீறினால் தடுக்க வேண்டும். முக்கியமாக, விலையை ஏஜெண்ட் சொல்ல விடவே கூடாது. விலை நம் கணக்கிலிருந்துதான் வர வேண்டும்.

துறைமுகத்து கன்டெய்னர் எண்ணைப் பாருங்கள். எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசையாக நிற்கும் ஒவ்வொரு பெட்டியிலும் 4 எழுத்து, 6 எண், கடைசியில் ஒரு சோதனை எண் இருக்கும். முன்னால் உள்ளவற்றில் ஒன்றைத் தவறாக எழுதினால் பெரும்பாலும் கடைசி எண் ஒத்துவராது. கம்ப்யூட்டர் உடனே கண்டுபிடித்துவிடும். 'கவனமாக எழுதவும்' என்று போர்டு வைத்ததோடு அவர்கள் நிற்கவில்லை.

அதுபோல, பிறர் எழுதிய விளக்கத்தையும் கண்மூடி நம்பக் கூடாது. நம் கொள்முதலுக்கு நாமே ஒரு ஏஜெண்ட் வைத்துக்கொண்டால், அது படிக்கும் விளக்கத்துக்குள் 'எங்கள் சரக்கையே முதலில் எடு' என்று எவராவது எழுதி வைக்க முடியும். 2025 மார்ச்சில் வந்த மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் திருத்தத்தில், ஒரு கருவி படிக்க மட்டுமா, எதையாவது மாற்றுமா என்று குறிக்க வசதி வந்தது. நம்பகமான இடத்திலிருந்து வந்தாலன்றி அக்குறிப்புகளை நம்ப வேண்டாம் என்று அந்த விதிமுறையே சொல்கிறது. பணம் கொடுக்கும் கடைசிப் படியில் மனிதர் ஒருவர் பார்த்துச் சரி சொல்லும் ஏற்பாடு இப்போதைக்கு இருந்தே தீர வேண்டும்.

சோதித்துப் பார்க்கும் முறை

எழுதிய விளக்கம் சரியா என்று பார்க்கச் சுலபமான வழி உண்டு. அதைத் தாளில் எடுத்து, கடைக்குப் புதிதாக வந்த பையனிடம் கொடுங்கள். "எண்ணூரிலிருந்து ஒரு கடைக்காரர் 130 கிலோ அரிசி கேட்கிறார், இதைப் படித்து நிரப்பு" என்று சொல்லுங்கள். அவன் எங்கே தயங்கி உங்கள் முகத்தைப் பார்க்கிறானோ, அங்கே ஒரு வரி குறைகிறது என்று பொருள். அந்த வரியைச் சேருங்கள்.

பிறகு சாஃப்ட்வேர்க்காரரிடம் சொல்லி, உண்மையான ஏஜெண்டிடம் இருபது விதமாகக் கேட்கச் செய்யுங்கள். சீனி என்றும் சர்க்கரை என்றும், கிலோ என்றும் மூட்டை என்றும், நாளை என்றும் அடுத்த திங்கள் என்றும் கேட்கட்டும். அது எந்தக் கருவியை எடுத்தது, எதை நிரப்பியது என்ற பதிவைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே இடத்தில் இரண்டு தடவை தவறினால், ஏஜெண்டைத் திட்டுவதை விட்டுவிட்டு நம் வரியைத் திருத்துவோம். புது சரக்கு சேர்க்கும்போதும், மூட்டை அளவு மாறும்போதும், வரி மாறும்போதும் விளக்கத்தையும் மாற்ற வேண்டும். 2022-ல் 26 கிலோ மூட்டை வந்தபோது விலைப் போர்டை அன்றே மாற்றினோம் அல்லவா?

நஷ்டம் யாருக்கு?

தவறான சரக்கு போய்ச் சேர்ந்தால், வாங்கியவர் "என் ஏஜெண்ட் கேட்டது இது இல்லை" என்பார். ஏஜெண்ட் கம்பெனி "கடையின் விளக்கத்தில் அப்படித்தான் இருந்தது" என்று சொல்லும். சாஃப்ட்வேர்க்காரர் "நீங்கள் சொன்னதைத்தான் எழுதினேன்" என்பார். ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, வண்டி வாடகை, உடைந்த மூட்டை எல்லாம் கடைசியில் கல்லாவில்தான் வந்து விடியும். பெரிய கம்பெனிகளுக்கு இந்த விளக்கங்களை எழுதத் தனி ஆட்கள் இருக்கிறார்கள். நமக்கு அது இல்லை. ஆனால் சரக்கைப் பற்றி அவர்களைவிட நமக்கு அதிகம் தெரியும். அதை எழுத்தில் வைப்பதுதான் பாக்கி.

ஆகவே வணிகர் பெருமக்கள் அனைவரையும் கேட்டுக்கொள்வது இதுதான். உங்கள் கடைக்கு ஆப் போட்டுத் தருகிறேன், ஏ.பி.ஐ. வைத்துத் தருகிறேன் என்று யார் வந்தாலும், கையெழுத்துப் போடும் முன் அந்தக் கருவி விளக்கங்களைத் தமிழில் எடுத்து வரச் சொல்லுங்கள். ஒரு மாலை கடையை மகனிடம் விட்டுவிட்டு உட்கார்ந்து வரி வரியாகப் படியுங்கள். மூட்டை, டின், தேதி, ரத்து என்ற நான்கு இடங்களிலும் சிவப்பு மையால் திருத்துங்கள்.

அன்று "து.ப. 5" என்று எழுதியதற்கு அடுத்த நாளிலிருந்து, என் கடைச் சீட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் கிலோவா மூட்டையா என்று எழுதாமல் நான் விட்டதில்லை. அந்தப் பையன் இப்போது கொருக்குப்பேட்டையில் சொந்தமாகக் கடை வைத்திருக்கிறார். அவர் அனுப்பும் சீட்டிலும் அலகு தவறுவதில்லை.